வேகாத கயிறு

கயிறு வேகவில்லை. ஒஷிகே அக்கா துடுப்பால் குத்திக் குத்திப் பார்த்தாள். அண்டாவுக்குள் சுருண்டு கிடந்ததே தவிர இளகுவதாகக் காணோம். எங்கள் ஊரில் படைக்குப் போகிறவன் சேம்புத் தண்டைக் காயவைத்து, சோயாவைப் புளிக்கவைத்து அரைத்த மிசோ விழுதில் வேகவைத்து, கயிறாகத் திரித்து இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் போவான். மூட்டை கட்ட உதவும். பசித்தால் நறுக்கிக் கொதிக்கும் நீரில் போட்டால் சாறு. எதிரிகள் கோட்டையைச் சுற்றி வேலி போட்டு உட்கார்ந்ததிலிருந்து அரிசி தீர்ந்து, குதிரைகளும் தீர்ந்து, இப்போது இடுப்புக் கயிறுகளைத் தின்றுகொண்டிருந்தோம். மேல்மாடத்தில் பிரபுமார் மானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசட்டும், அதற்கு அடுப்பு வேண்டாமே.

அன்று காலையிலிருந்தே அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மலைக்கு அப்பால் இருக்கும் நேசப் படைக்குச் செய்தி சொல்ல, மூடுபனி கலைவதற்குள் அவள் புருஷன் தோகுசோவை வடக்கு மதிலிலிருந்து இறக்குவதாக ஏற்பாடு. இருப்பதிலேயே ஒல்லியானவன் அவன்தான். பட்டினியிலும் ஒரு நன்மை, நூலில் கட்டி இறக்கினாலும் தாங்கும் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான். அடுப்புக்கு மேலே புகையேறிக் கறுத்துத் தொங்கிய இரண்டு கயிறுகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தவள் அக்கா. மற்றது அண்டாவுக்குப் போனது.

முதல் கிண்ணம் வாங்கிய கிழட்டு வில்லாளி, தன் மாமியார்கூட இவ்வளவு முறுக்கு இல்லை என்றார். எல்லோரும் சிரித்தோம். அக்கா ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். பிறகு உள்ளங்கையில் துப்பி, பிரித்துப் பார்த்தாள்.

"நார்க்கயிறுடி," என்றாள் என்னிடம். "அப்போ அவருகிட்ட நான் குடுத்தது?"

ஓடினோம். சத்தம் போட முடியாது, மதிலுக்குக் கீழே எதிரியின் காவல். வடக்கு மதிலில் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கயிறு தொய்ந்திருந்தது. இப்போதுதான் கனம் குறைந்தது, இறங்கியிருப்பான் என்றான் ஒருவன். அகழியில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டதாம். கல் என்றான் அவன், தவளை என்றான் மற்றவன். தரையைத் தொட்டதும் கயிற்றை ஒருமுறை சுண்டிக் காட்டுவதாகத் தோகுசோ சொல்லியிருந்தான். இன்னும் சுண்டவில்லை.

ஒருவன் கயிற்றை மேலே இழுக்கப் போனான். அக்கா அதன்மேல் கை வைத்தாள்.

"இழுக்காதீங்க தம்பி."

"நுனியப் பாத்தாத் தெரிஞ்சிரும்க்கா. அறுந்திருக்கா, அவுத்து விட்டிருக்காரான்னு."

"அதான் சொல்றேன். கொஞ்சம் இருக்கட்டும்."

ஐயோ, புகையில் கண் தெரியாத அடுப்படியில் எந்தக் கயிறு எதுவென்று யாருக்குத் தெரியும்? அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன், வேறென்ன செய்ய. பனி சொட்டச் சொட்ட அவள் கைக்குள் கயிறு ஊறிக் குழைந்தது. மிசோத் தண்ணீர் மணிக்கட்டு வழியாக வழிந்தது. பக்கத்தில் நின்றவன் தன்னை அறியாமல் உள்ளங்கையை நக்கினான்; அவள் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

மூடுபனி கலையத் தொடங்கியது. அகழியின் எதிர்க்கரைப் புல் தெரிந்தது. அக்கா கண்களை இறுக மூடிக்கொண்டாள். கயிற்றை மட்டும் விடவில்லை.