இரண்டு காதும் ஒரே அளவில்லை

கீச்சென்று கத்துகிற எதற்கும் எண்ணெய் விட வேண்டும் என்பது சபாபதிக்கு லோரிப் பட்டறை முப்பத்தெட்டு வருடத்தில் கற்றுக்கொடுத்த பாடம். அதனால்தான் காலை ஆறரை மணிக்கு, மனைவி லோகேஸ்வரி குளிக்கப் போன நேரம் பார்த்து, அவளுடைய காது மெஷின் இரண்டையும் எடுத்தார். முனையில் இருந்த குட்டி ரப்பர் தொப்பிகளைக் கழற்றி, நல்லெண்ணெயில் நன்றாகப் புரட்டி, திரும்ப மாட்டி வைத்தார். சத்தம் வருகிற துளையிலும் ஆளுக்கொரு சொட்டு. வேலையை அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

நோக்கமென்னவோ நல்லதுதான். அன்று மதியம் இரண்டு மணிக்குப் புத்ராஜெயாவில், பதிவிலாகாவில், லோகேஸ்வரிக்குக் குடியுரிமை நேர்காணல். பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். பிறப்பைப் பதிய அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. இந்த மண்ணிலேயே பிறந்து அறுபத்தொரு வயதாகியும் குடியுரிமை இல்லை, கையில் நிரந்தரவாசிகளுக்குத் தரும் சிவப்பு ஐசி, அடையாள அட்டைதான். மூன்றாவது மனுவுக்குத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அதிகாரி மலாயில் கேட்பார், அவள் பதில் சொல்ல வேண்டும். முந்தின நாள் அவள் சொன்ன கவலை ஒன்றே ஒன்று.

"அந்த ஆபிசர் முன்னாடி இது விசிலடிச்சா என்னங்க பண்றது?"

குளித்து வந்து அவள் மாட்டிக்கொண்டதும் விசில் நின்றுவிட்டது. கூடவே மற்ற எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. வலது மெஷின் துளை அடைத்து ஊமையாகிக் கிடந்தது. இடதைக் கழற்றியபோது ஒயர் மட்டும் கையோடு வந்தது. எண்ணெயில் வழுக்கிய ரப்பர் தொப்பி காதுக்குள்ளேயே தங்கிவிட்டது. சபாபதி ஓடிப்போய் மெல்லிய மூக்குக் குறடு ஒன்றைக் கொண்டுவந்தார். லோகேஸ்வரி பார்த்த பார்வையில் குறடு தானாகப் பெட்டிக்குத் திரும்பியது.

"எண்ணெய் போட்டுட்டேன் லோகா!" என்று கத்தினார்.

அவள் தன் விரலை முகர்ந்து பார்த்தாள். "பரவால்லங்க" என்றாள்.

கல்யாணமாகி முப்பத்தாறு வருடமாக எதற்கும் அவள் பதில் அதுதான். கேமரன் மலைக்குப் போகும் வழியில் வண்டி நின்று, புதுப்பெண் விடிய விடிய மழையில் நனைந்தபோதும் 'பரவால்லங்க'தான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரால் ஒருநாளும் கழற்றிப் பார்க்க முடிந்ததில்லை.

கிள்ளானில் வீட்டிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் மெஷின் கடை வரை வழியெல்லாம் ஜாம். ஐந்து தடவை மன்னிப்புக் கேட்டார். அவள் ஒரு தடவை அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கேட்கவில்லையா, பேசப் பிடிக்கவில்லையா?

மெஷின் வாங்கிய கடையைத் திறக்கும்போதே வாசலில் நின்றார்கள். காது சோதிக்கும் பெண் ஆட்ரி, லோகேஸ்வரியின் காதருகே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அங்கிள், ஆன்டி காதுல தோசை சுட்டீங்களா?"

"நல்லெண்ணெய்மா. விசிலடிச்சுச்சு, அதான்…"

"விசில் வந்தது எண்ணெய் இல்லாததால இல்ல லா. ரப்பர் சின்ன சைஸ், காதுல லூசா நிக்குது. உள்ள போற சத்தம் இடுக்கு வழியா வெளிய வந்து மறுபடி மைக்ல பூந்துடுது. போன மாசம் மாட்டுறப்ப ஆன்டியத்தான் கேட்டேன், லூசா இருக்கா, சரியா இருக்கான்னு. யாரு பதில் சொன்னது?"

சபாபதிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. 'கச்சிதமா இருக்கு' என்று சொன்னவர் அவர்தான். அடுத்தவர் காதில் கச்சிதம் கண்ட மகான்.

"ரெண்டு மணிக்குள்ள சரியாயிடுமாம்மா?"

"பாப்போம் அங்கிள்."

"பாப்போம்னா?"

"ஆழமாப் போயிருந்தா நான் தொட மாட்டேன். டாக்டர்கிட்ட அனுப்பிடுவேன்."

விளக்கு எரிந்தது. ஆட்ரி நுனி வளைந்த சின்ன இடுக்கியை உள்ளே விட்டாள். லோகேஸ்வரியின் விரல்கள் நாற்காலியை இறுக்கின. தலை மட்டும் அசையவில்லை. முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவையும் வழுக்கியது. எண்ணெய் அவ்வளவு உத்தமமான எண்ணெய். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே கால். மூன்றாவது தடவை, குட்டிக் காளான் மாதிரி ஒன்று தட்டில் வந்து விழுந்தது.

ஆட்ரி காதைத் துடைத்து, செவிப்பறையைப் பார்த்து, அடைத்துப்போன வடிகட்டிகளை மாற்றினாள். பிறகு மூன்று அளவில் ரப்பர்களை எடுத்து வைத்து, ஒவ்வொன்றாக மாட்டிக் கேட்டாள். "இது எப்படி ஆன்டி?"

சபாபதி வாயைத் திறந்தார்.

"அங்கிள், காது உங்களோடதா?"

வாய் மூடிக்கொண்டது. லோகேஸ்வரி கொட்டாவி விட்டுப் பார்த்தாள், வெறும் வாயை மென்று பார்த்தாள், தலையை ஆட்டிப் பார்த்தாள். "இது லூசு" என்றாள். "இது குத்துது." அவசரப்படவே இல்லை. கடைசியில் இடதுக்கு நடு அளவு, வலதுக்குப் பெரிது.

"ரெண்டு காதும் ஒரே அளவு இல்லையா?" என்று ஆச்சரியப்பட்டார் சபாபதி.

"டெய்லி காய்ஞ்ச மெல்லிசு துணியால தொடச்சாப் போதும் ஆன்டி. எண்ணெய் வேணாம், ஸ்பிரிட் வேணாம். புதுசு மாட்டினா லேசா இழுத்துப் பாருங்க, ரப்பர் கழண்டு வரக் கூடாது. மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்திடுங்க." ஆட்ரி இதையெல்லாம் லோகேஸ்வரியைப் பார்த்தே சொன்னாள்.

பதிவிலாகாவுக்குள் நுழைந்தபோது ஒன்று ஐம்பது. காது மெஷினைப் பார்த்த வாசல் பணியாளர், தேவைப்பட்டால் உதவிக்குக் கணவரை உள்ளே கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றார். சபாபதி சட்டையின் மேல் பட்டனைப் போட்டுத் தயாரானார். லோகேஸ்வரி போனாள். கதவு மூடியது.

பத்து நிமிடம். இருபது. யாரும் கூப்பிடவில்லை. விசில் கேட்கிறதா என்று கதவோரம் நகர்ந்து காதைத் தீட்டினார். நல்ல காது இரண்டு வைத்திருந்தும் ஒன்றும் கேட்கவில்லை. மெஷின் மறுபடி ஊமையாகி, அவள் எல்லாக் கேள்விக்கும் 'பரவால்லங்க' என்று சொல்லிக்கொண்டிருப்பதாக நினைத்து நினைத்து அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

அரை மணி கழித்துக் கதவு திறந்தது.

"என்ன சொன்னாங்க?"

"கடிதம் வருமாம்."

"விசில்?"

"அடிக்கல."

"நீ கூப்பிடுவேன்னு இங்கயே நின்னேன் லோகா. புருஷன் வரலாமான்னு உன்னக் கேக்கவே இல்லையா அவங்க?"

"கேட்டாரு."

"அப்புறம்?"

பழைய பதில் வரும் என்று காத்திருந்தார். அவள் கைப்பையை மூடிவிட்டு நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வேணாம்னு சொல்லிட்டேன். நீங்க வந்தா நீங்கதான் பதில் சொல்வீங்க. ஒரு கேள்வி சரியா காதுல விழல. இன்னொரு தடவ சொல்லுங்கன்னேன், சொன்னாரு. எல்லாத்துக்கும் நானே பதில் சொன்னேன். கார்ல நீங்க மன்னிப்புக் கேட்டது வாயப் பாத்தே தெரிஞ்சுச்சு. ஆனா இந்தத் தடவ பரவால்லன்னு சொல்ல மாட்டேங்க. காலைலேருந்து கோவமாத்தான் இருக்கேன், இன்னும் போகல. பசிக்குது. முதல்ல சோறு வாங்கிக் குடுங்க."