நாகவள்ளியின் விசா

துபாய் பக்கம் ராஸ் அல் கைமாவில் ஒரு செராமிக் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார் வைரவன். மதுரைக்குத் திரும்ப அவருக்கு மனமில்லை.

"இங்க எந்நேரமும் பயமில்லாம நடக்கலாம். அங்க கழுத்துல சங்கிலி போட்டு வெளிய போக முடியுமா உன்னால?" என்று மனைவி நாகவள்ளியிடம் கேட்டார். ஓய்வுக்கால விசாவுக்கு அந்த நாட்டிலேயே சொந்த வீடு வேண்டும். மதுரை திருநகரில் அவளுடைய அப்பா கொடுத்த வீட்டை விற்று, கடலோரம் ஒரு ஃபிளாட் வாங்கினார். அவள் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள்.

நாலாம் வருடம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று.

விசா புதுப்பிக்கும் நேரத்தில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் லுக்மான் வீட்டுக்கு வந்தார்.

"மேடத்துக்கு இனி கம்பெனி கேக்குற பிரீமியம் உங்களுக்குக் கட்டுபடியாகாது சார். இன்சூரன்ஸ் இல்லாம அவங்க விசா ரென்யூ ஆகாது."

"என்னோடது?"

லுக்மான் ஃபைலை மூடி வைத்தார். "உங்களுக்குப் பிரச்சனை இல்ல. ஆனா ஃபிளாட்டைக் குடுத்துட்டு ரெண்டு பேருமே ஊருக்குப் போயிரலாமே?"

"வித்தா என் விசாவும்ல போயிரும்."

அடுத்த அறையில் படுத்திருந்த நாகவள்ளி கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்மாவைக் கூட்டிப்போகப் பெங்களூரிலிருந்து மகள் சந்தியா வந்தாள்.

"என் வீட்ல மாமனார் மாமியார் இருக்காங்க, எடமில்லப்பா. நீங்க கூட வந்தா மதுரையில ஒரு வாடகை வீடு பாத்துரலாம்."

"எதுக்கு? திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு ஹோம்ல சொல்லி வச்சுட்டேன். நர்ஸெல்லாம் இருக்காங்க. நான் வந்து என்ன செய்யப் போறேன்?"

துபாய் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ள வந்த மலையாளிப் பெண், வைரவனைக் காட்டி, "சாரும் கூட வர்றாரா அம்மா?" என்று தமிழில் கேட்டாள்.

நாகவள்ளி கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். வாய் கோணியது. ஆனாலும் சொல் தெளிவாகவே வந்தது.

"யாரு?"

சந்தியா முன்னால் நடந்தாள். வைரவன் கையை உயர்த்தி ஆட்டினார். யாரும் திரும்பவில்லை.

அடுத்த வாரம் அவருக்கு இன்னும் ஐந்து வருடத்துக்கு விசா கிடைத்தது. நாலாவது மாதம் அந்த இல்லத்தில் நாகவள்ளி இறந்துபோனாள். சந்தியா அவருக்குத் தகவல் சொன்னது, பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான்.