ரோசாவின் ஒரு நாள்

விம் நோட்டைத் திறந்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பள்ளிக்கூடத்துப் பையனைப் போலத் தலைப்பை உரக்க வாசித்தார்.

“ரோசாவின் ஒரு நாள்.”

ஓதிலியாவின் கையிலிருந்த சிவப்புப் பேனா காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே அப்படியே நின்றது.

“எந்த ரோசா?” என்றாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரியும்.

“வீட்டுல. அடுப்படியில. தோன்யா கர்லோத்தாவோட ரோசா.”

விம் தங்கியிருந்த அந்த வீட்டில் ரோசா என்று பெயர் சொல்லிக்கொண்டு இருப்பவள் ஓதிலியாவின் தங்கை அம்பாரோ. ஏழு வாரத்துக்கு முன்னால், மணிக்கட்டு வீங்கி, முகவாய் கிழிந்து, ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்து ஓதிலியாவின் கதவைத் தட்டியவள். அவளை அப்படி அனுப்பிய புருஷன் இப்போது பதினைந்தடி தள்ளி, பள்ளியின் வாசலில், வேனின் முன்மூடியைத் தூக்கிவைத்து எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

எல்மெர் ஆறு வருஷமாகப் பள்ளி வேனை ஓட்டுகிறான். சனிக்கிழமைகளில் மாணவர்களை வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துப்போவான். யாருக்காவது பிறந்தநாள் என்றால் ரொட்டிக்கடையிலிருந்து கேக் வாங்கி வருவான். ஷேலா நகரத்தில் ஸ்பானிஷ் சொல்லித்தரும் பள்ளிகள் எத்தனையோ. இப்படி ஒரு ஓட்டுநர் எவனுக்கும் கிடைக்கவில்லை என்று உரிமையாளர் தோன் ஃபிதென்சியோ வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். தினமும் காலையில் எல்மெர் ஓதிலியாவிடம் ஒரே கேள்வியைக் கேட்பான். “அண்ணி, அம்பாரோகிட்டேர்ந்து சேதி உண்டா?” தலைநகரத்தில் அத்தை வீட்டில் இருக்கிறாள் என்று அவளும் ஒரே பதிலைச் சொல்வாள். போன மாதம் அவன் தலைநகரத்துக்குப் போய்வந்தான். அத்தை வீட்டுக் கதவு மாற்றப்பட்டதாக அத்தை போனில் சொன்னாள். பழைய கதவு என்னவாயிற்று என்று ஓதிலியா கேட்கவில்லை.

அம்பாரோ ஒளிந்திருக்கக் கர்லோத்தாவின் வீட்டைத் தேர்ந்தெடுத்தவள் ஓதிலியாதான். சந்து குறுகல், வேன் உள்ளே வராது. அங்கே தங்கும் மாணவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துதான் வருவார்கள். அதைவிட முக்கியம், அடுப்படிப் பெண்ணை எவரும் பார்ப்பதில்லை. பதினோரு வருஷமாக ஓதிலியா இதே வீட்டுப்பாடத்தைக் கொடுத்துவருகிறாள். தனக்குத்தானே செய்துகொள்கிற வினைகள்: எழுந்துகொள்வது, குளித்துக்கொள்வது, உடுத்திக்கொள்வது. ஸ்பானிஷில் நான் என்றால் மெ, நீ என்றால் தெ, அவள் என்றால் செ. தங்கியிருக்கும் வீட்டில் ஒருவரைப் பற்றி எழுதிவரச் சொல்வாள். எல்லோரும் வீட்டுக்காரம்மாவைப் பற்றித்தான் எழுதுவார்கள். கர்லோத்தா எத்தனை மணிக்குப் பல் துலக்கிக்கொள்கிறாள் என்பது இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். சோறு போடுகிறவளைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதியதில்லை.

ஆனால் விம் ஹாலந்தில் நாற்பது வருஷம் தபால்காரராக இருந்தவர். ஒரு வீட்டில் எத்தனை பேர் என்பதை எண்ணாமல் அவரால் இருக்க முடியாது.

“ரோசா அஞ்சு மணிக்கு எழுந்துக்கிறேன்,” என்று வாசித்தார்.

“எழுந்துக்கிறா,” என்றாள் ஓதிலியா. வாய் தானாகச் சொன்னது.

“எழுந்துக்கிறா. அஞ்சே கால், முகம் கழுவிக்கிறா. அஞ்சு இருபது, தலை சீவிக்கிறா. முடி தாடை மேல போட்டுக்கிறா. தாடையில கோடு இருக்கு.”

“விம், போதும், ரொம்ப நல்லா…”

“இல்ல, இல்ல. முக்கியம் இனிமேதான்.” அவர் விரலைத் தூக்கினார். குரலையும் தூக்கினார். “தெரு முனையில வேன் ஹார்ன் அடிச்சா ரோசா ஒளிஞ்சுக்கிறா! தண்ணித் தொட்டிக்குப் பின்னால. ஏன்? எனக்குத் தெரியாது.”

வாசலில் ரேடியோ நின்றது.

ஓதிலியா திரும்பவில்லை. பேட்டரி வயரைக் கழற்றியிருப்பான் என்று நினைத்தாள். எண்ணெய் பார்க்கிறவன் பேட்டரி வயரை எதற்குக் கழற்ற வேண்டும் என்றும் நினைத்தாள். முற்றத்தில் மற்ற மேசைகளில் ஆசிரியைகளும் மாணவர்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் “நான் சவரம் பண்ணிக்கிறேன், நீ சவரம் பண்ணிக்கிற” என்று ஒப்பித்துக்கொண்டிருந்தான். இவ்வளவு இரைச்சலில் அங்கே கேட்டிருக்காது. விம்மின் குரல் அவ்வளவு பெரிய குரல் இல்லை என்றால் கேட்டிருக்காது.

தோன் ஃபிதென்சியோ அலுவலக அறையிலிருந்து தலையை நீட்டினார்.

“ஓதிலியா டீச்சர்! விம் சனிக்கிழமை கிளம்புறாரு இல்ல? இன்னைக்கு வாசிப்பு அவரோடதுதான். பாச்சே வந்தாச்சு, பத்தரைக்கு வெச்சுக்கலாம்.”

வியாழக்கிழமை என்றால் பாச்சே. உருளைக்கிழங்கை மசித்து, காரம் சேர்த்து, இலையில் கட்டி அவித்தது. அதைப் பிரித்துவைத்துக்கொண்டு எல்லோரும் வட்டமாக உட்கார, ஊருக்குக் கிளம்புகிறவர் எழுந்து தன் கட்டுரையை வாசிப்பார். பள்ளி தொடங்கிய நாள் முதல் இதுதான் வழக்கம். எல்மெரும் உட்காருவான். முன்வரிசையில். கைதட்டலை எப்போதும் அவன்தான் தொடங்குவான்.

மணி பத்தே கால்.

அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். திருத்துவதுபோலக் குனிந்து, ஓரத்தில் சிவப்பில் எழுதினாள். அச்செழுத்துப் போல, சின்னச் சின்ன வாக்கியமாக, அவருக்குத் தெரிந்த சொற்களாகப் பார்த்து.

*சத்தமாக வாசிக்காதீர்கள். வாசலைப் பார்க்காதீர்கள். சிரியுங்கள். ரோசா என் தங்கை. வேன் ஓட்டுபவன் அவள் கணவன். அவன் அவளை அடித்தான். அவளைத் தேடுகிறான்.*

நோட்டைத் திருப்பிவைத்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. விம்மால் உதட்டை அசைக்காமல் வாசிக்க முடியாது.

“சத்த… மாக…” என்று தொடங்கினார்.

அவள் தன் கையை அவர் கைமேல் வைத்து அழுத்தினாள். பதினோரு வருஷத்தில் ஒரு மாணவரையும் அவள் தொட்டதில்லை. விம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு, விரலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்தினார். விரல் மெதுவாகப் போயிற்று. கடைசி வாக்கியத்துக்கு வந்தபோது அவர் காது மடல்கள் சிவந்திருந்தன.

இப்போது திரும்பிப் பார்ப்பார். இப்போது எழுந்துபோய் அவன் சட்டையைப் பிடிப்பார். அவர்கள் நாட்டில் அப்படித்தான் செய்வார்களோ என்னவோ. பிறகு அவர் விமானம் ஏறிப் போய்விடுவார்.

விம் திரும்பவில்லை. “ஹா, ஹா,” என்றார்.

அவள் விழித்தாள். சிரிக்கச் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது.

அவர் பென்சிலை எடுத்துக் கீழே எழுதினார். *நாற்பது வருஷம் தபால். எவன் கேட்டாலும் நான் முகவரி சொல்ல மாட்டாள்.*

அவள் கை தானாகவே ‘மாட்டாள்’ என்பதை அடித்து ‘மாட்டேன்’ என்று திருத்தியது.

“பாடம் ஜோரா நடக்குது போல!”

எல்மெர் மேசைக்கு எதிரே நின்றிருந்தான். துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான். ஓதிலியா நோட்டை மூடி, அதன்மேல் முழங்கையை வைத்துக்கொண்டாள்.

“பெரியவரே, என்னமோ ஒளிஞ்சுக்கிறதைப் பத்திப் படிச்சீங்களே, காதுல விழுந்துச்சு. நல்லாருந்துச்சு. அதையே வாசிங்க, என்ன?”

“நன்றி, நன்றி,” என்றார் விம்.

“எந்த வீட்டுல தங்கியிருக்கீங்க?”

“வெள்ளை வீடு,” என்றார் விம். “கதவு பச்சை. ரொம்ப அழகு.”

கதவு பச்சையில்லை. நீலம். ஓதிலியா மூச்சை விட்டாள்.

அவன் போனதும் அவள் கட்டுரைத் தாளைக் கிழித்து நான்காக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். இன்னொரு தாளைக் கிழித்தாள். இந்த முறை அச்செழுத்து தேவைப்படவில்லை; தங்கைக்குத் தன் கையெழுத்து தெரியும். *அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இப்போதே பின்கதவு வழியாகக் கன்னியர் மடத்துக்குப் போ. துணி எடுக்காதே. நான் ஒரு மணிக்கு மேல் ஆள் அனுப்புகிறேன்.* அதை மடித்து, மேசைக்கு அடியில் விம்மின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைப் பார்க்கவில்லை. கோட்டின் உள்பைக்குள் போட்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“ரோசாகிட்ட குடுங்க. வாசிச்சிட்டுப் போங்க,” என்று முணுமுணுத்தாள். “இப்பவே போனா அவனும் பின்னாலயே வருவான்.”

பத்தரைக்கு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். விம் வெற்று நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அதில் எதுவும் இல்லை என்பது ஓதிலியாவுக்கு மட்டும்தான் தெரியும்.

“தபால்காரனின் ஒரு நாள்,” என்றார். “நான் நாலு மணிக்கு எழுந்துக்கிறேன். நான் சவரம் பண்ணிக்கிறேன். மழை கோட்டு போட்டுக்கிறேன். எப்பவும் மழை. நாய் என்னைப் பார்த்துக் கோவிச்சுக்கிறான்.”

“கோவிச்சுக்குது!” என்று பத்துப் பேர் கத்தினார்கள்.

“கோவிச்சுக்குது. நான் பயந்துக்கிறேன். வேலி மேல ஏறிக்கிறேன். பேன்ட் கிழிஞ்சுக்குது. சாயங்காலம் மனைவி கோவிச்சுக்கிறா.”

ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தோன் ஃபிதென்சியோவுக்குப் புரையேறியது. எல்மெரும் சிரித்தான். கைதட்டலை அவன்தான் தொடங்கினான். கைதட்டிக்கொண்டே கேட்டான்.

“இது இல்லையே பெரியவரே. அந்தப் பொம்பளை கதை எங்க?”

“எந்தப் பொம்பளை?”

“ஒளிஞ்சுக்கிறவ.”

“ஆ! புத்தகத்துல.” விம் கையை வீசினார். “பாடப் புத்தகம். பயிற்சி.” உடனே வயிற்றில் கைவைத்துக் குனிந்தார். “மன்னிக்கணும். பாச்சே. என் வயிறு… என்னைப் பிடிச்சுக்கிறா.”

வெளிநாட்டுக்காரர்களின் வயிற்றைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. எல்மெர் மட்டும் எழுந்தான்.

“வாங்க, வேன்ல விட்டுடறேன். வீட்டு வாசல்லயே இறக்கிடறேன்.”

அவன் ஏற்கெனவே சாவியை எடுத்துவிட்டான். விம் அவனை நிதானமாகப் பார்த்தார். கன்னங்களை உப்பவைத்து, வாயிலிருந்து எதுவோ பாய்ந்து வருவதுபோலக் கையை வெளியே வீசிக் காட்டினார்.

“வேன்ல… வந்துக்கும். ரெண்டு பக்கமும்.”

“ஐயோ, எல்மெர், நேத்துத்தானே சீட்டுக்கு உறை மாத்துனே!” என்று யாரோ சொல்ல, மறுபடியும் சிரிப்பு. எல்மெர் தயங்கினான். அதற்குள் விம் வாசலைத் தாண்டிவிட்டார். ஓடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தபால்காரரின் நீண்ட எட்டுகளோடு போனார்.

கர்லோத்தாவின் வீடு பன்னிரண்டு நிமிஷம். விம்மின் காலுக்குப் பத்து. சுவர்க்கடிகாரத்தில் பத்து நாற்பத்திரண்டு.

எல்மெர் விம்மின் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். விம்மின் வெற்று நோட்டைப் புரட்டினான். கிழிந்த ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தான்.

“ரெண்டு தாள் காணோமே, அண்ணி.”

“அவர் எப்பவும் தப்பாதான் எழுதுவார். கிழிச்சுப் போட்டுட்டேன்.”

“அந்தப் பொம்பளை எந்தப் பக்கத்துல வர்றா? காட்டுங்களேன்.”

பாடப் புத்தகத்தைத் திறந்தாள். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு பெண் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த படத்தில் தலை சீவிக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்ததில் தூங்கப் போனாள்.

“இவ ஒளிஞ்சுக்கலையே,” என்றான் மெதுவாக. புத்தகத்தை மூடினான். சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். “பெரியவர் பாவம், வழியில விழுந்து கிழுந்து வெச்சா? நான் பின்னாலயே போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்.”

அவன் போய்விடுவான். விம் இன்னும் வழியிலிருக்கும் பூங்காவைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். ஓதிலியா யாரிடமும் உரக்கப் பேசியதில்லை.

“எல்மெர்,” என்றாள். தன் குரல் முற்றம் முழுக்கக் கேட்டதை அவளே கேட்டாள். “ஒளிஞ்சுக்கிறதை நீங்களே எழுதிக் காட்டுங்க பார்ப்போம். பேச வரும். எழுத வருமா?”

பேச்சுகள் நின்றன. எல்மெர் மூன்றாம் வகுப்போடு நின்றவன் என்பது பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லிக்காட்டியவர் இதுவரை எவருமில்லை.

“எழுதுப்பா எல்மெர்!” தோன் ஃபிதென்சியோ உற்சாகமாகிவிட்டார். “வெள்ளைக்காரனுக்கே வருது, உனக்கு வராதா?”

“வராமலா?” எல்மெர் சுற்றும் பார்த்துச் சிரித்தான். கண்கள் சிரிக்கவில்லை. அவை ஓதிலியாமேல் இருந்தன. ஏழு வாரத்துக்கு முன் அம்பாரோ பார்த்ததும் இந்தக் கண்களைத்தான் என்று அவளுக்குப் பட்டது. அவன் மறுபடி உட்கார்ந்தான். சாவியை மேசைமேல் வைத்தான். பென்சிலை முஷ்டிக்குள் பிடித்தான்.

நான் ஒளிஞ்சுக்கறேன் என்று எழுதினான். காகிதம் பள்ளம் விழுந்தது. நீ ஒளிஞ்சுக்கறே. அவ ஒளிஞ்சுக்கறா. ஒவ்வொரு எழுத்துக்கும் நேரம் பிடித்தது. பத்து நாற்பத்தாறு. அவள் சிவப்புப் பேனாவால் ஒரு பிழையைத் திருத்தினாள். பிறகு இல்லாத ஒன்றையும் திருத்தினாள்.

“எழுந்துக்கிறது,” என்றாள்.

எழுதினான்.

“உடுத்திக்கிறது.”

எழுதினான். வட்டம் கலையவில்லை. அவன் எழுதும் ஒவ்வொரு சொல்லையும் ஆட்கள் கைதட்டி எண்ணிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பாச்சேயின் இலையைப் பிரித்து அவன் பக்கம் தள்ளினாள். ஐம்பத்தொன்று. ஐம்பத்தைந்து. இந்நேரம் விம் நீலக் கதவைத் தட்டியிருப்பார். இந்நேரம் அம்பாரோ அடுப்பை அணைத்திருப்பாள். அல்லது தட்டும் சத்தத்துக்குப் பயந்து தொட்டிக்குப் பின்னால் போயிருப்பாள்.

“கடைசியா ஒண்ணு,” என்றாள். “போயிடறது.”

நான் போயிடறேன் என்று எழுதினான். நீ போயிடறே என்று எழுதினான். மூன்றாம் வரியில் ‘அவ’ என்று எழுதியதும் பென்சில் நின்றது. அவன் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு வாசலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

கோயில் மணி பதினொன்று அடிக்கத் தொடங்கியது.

“எழுதுங்க,” என்றாள் ஓதிலியா.