தோரிபியா தைத்த மழை

லாமாபம்பாவில் இருபத்துமூன்று வருஷம் மழை பட்டாவில் உள்ளபடிதான் பெய்தது. சாந்தா ரூஃபினா பண்ணையின் எல்லைக்கல் வரைக்கும் சோவென்று கொட்டும். கல்லைத் தாண்டி எங்கள் பக்கம் ஒரு சொட்டு விழாது. எல்லையில் குறுக்காக நின்ற கழுதை முன்பாதி நனைந்தும் பின்பாதி புழுதியோடும் வீடு திரும்புவது அன்றாடக் காட்சி. பிள்ளைகளைக் குளிப்பாட்ட வேண்டுமென்றால் தாய்மார்கள் கல்லருகே போய், கையை நீட்டிப் பிள்ளையை அந்தப் பக்கமாகப் பிடித்துக்கொள்வார்கள். பனி மட்டும் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படவில்லை. மலை உச்சியிலிருந்து இறங்கி வந்து ஏழை, பணக்காரன் பார்க்காமல் எல்லா வயலையும் கருக்கிவிட்டுப் போகும். அதற்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று பேசிக்கொண்டோம்.

மழைக்குத் தெரியும். அதுதான் வினை. 1911ஆம் வருஷம் தலைநகரத்திலிருந்து நில அளவையர் லியோன்சியோ பாரேதா வந்து இறங்கினார். பண்ணையார் தோன் பெலிசாரியோ அவரைப் பதினோரு நாள் வீட்டைவிட்டு வெளியே விடாமல் உபசரித்தார். கினிப்பன்றி வறுவல், பிராந்தி, சீட்டாட்டம். பன்னிரண்டாம் நாள் அளவையர் நாற்காலியில் சாய்ந்தபடியே, பண்ணையார் சொல்லச் சொல்ல, கெட்டியான வெள்ளை லினன் துணியில் வரைபடத்தை வரைந்து முடித்தார். பண்ணையின் வாற்கோதுமை வயல், சோளக் காடு, குதிரை லாயம், கோழிக்கூண்டு எல்லாம் இருந்தன. எங்கள் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் அழகுக்காக ஒரு பெரிய திசைகாட்டி நட்சத்திரத்தைப் போட்டுவிட்டார். அறுபத்துமூன்று வீடுகளும் அதன் வடகிழக்கு முனைக்கு அடியில் போயின. அந்தப் படத்தில் அரசாங்க முத்திரை விழுந்த வாரத்திலிருந்து மழை எங்களைப் பார்க்கவில்லை. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. உத்தரவுப்படி நடக்கிற மழை அது.

முதல் சில வருஷங்கள் ஊர்க்காரர்கள் கற்றாழைத் தண்டைக் குடைந்து குழாயாக்கி எல்லைக்கு மேலே நீட்டிப் பிடித்தார்கள். மழையைத் திருடுகிறார்கள் என்று பண்ணைக் கங்காணி எவரிஸ்தோ குழாய்களைப் பிடுங்கி அடுப்பில் வைத்தான். பிறகு ஓர் ஏற்பாடு வந்தது. வாரத்தில் நான்கு நாள் பண்ணையில் உழைக்கிறவர்கள் குடத்தோடு வந்து எல்லைக்குள் நின்று நிரப்பிக்கொள்ளலாம். அந்தத் தண்ணீரை லாமா மிருகங்களின் முதுகில் ஏற்றி மேலே கொண்டுபோய் உருளைக்கிழங்குச் செடிக்குக் கையால் தெளித்தோம். ஊர்த்தலைவர் சிப்ரியானோ வெள்ளிப்பூண் போட்ட தன் அதிகாரத் தடியைப் பிடித்துக்கொண்டு ஏழு நாள் நடந்து மாகாண அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போனார்.

"எந்த ஊருய்யா?" என்று கேட்டார் குமாஸ்தா.

"லாமாபம்பாங்க."

குமாஸ்தா அந்தப் படத்தைப் பார்த்து எழுதிய ஊர்ப் பட்டியலை விரித்து விரலால் தேடினார். "அப்படி ஒரு ஊரே இல்லியே. இல்லாத ஊர்லேர்ந்து நான் எப்படிய்யா மனு வாங்க முடியும்?"

"அப்ப நான் எங்கேர்ந்துங்க வந்தேன்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

சிப்ரியானோ இன்னொரு ஏழு நாள் நடந்து, இல்லாத ஊருக்குத் திரும்பி வந்தார்.

1934இல் நிலைமை முற்றிவிட்டது. பல குடும்பங்கள் விதைக்கிழங்கையே அவித்துத் தின்றுவிட்டன. அடுத்த பிப்ரவரித் திருவிழாவுக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் ஊரைக் கலைத்துவிட்டு ஈயச் சுரங்கத்துக்குக் கூலியாகப் போவது என்று பொதுக்கூட்டத்தில் முடிவானது. அந்தக் கூட்டத்தில் கை தூக்காதவள் தோரிபியா வால்பா ஒருத்திதான். பண்ணைவீட்டுச் சலவைக்காரி, நாற்பது வயது, யார் சொன்னாலும் எளிதில் நம்பமாட்டாள். அவளிடம் ஒரு கூடை விதை மிச்சமிருந்தது. பதினோரு வகைக் கிழங்குகள், ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. கண்ணெல்லாம் குழியும் மேடுமாக இருக்கும் ஒரு வகைக்கு 'மருமகளை அழவைப்பது' என்று பெயர், தோல் உரிக்க அவ்வளவு பாடு. தோரிபியா அந்தக் கூடையை வறண்ட மண்ணிலேயே நட்டுவிட்டாள். ஒரு மாதத்துக்குள் மழை விழுந்தால் பயிர், இல்லையென்றால் அந்தப் பதினோரு பெயர்களும் இந்த மலையில் அதோடு சரி. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. தினமும் விடிந்ததும் மண்ணைக் கிளறி, கிழங்கு அழுகவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

நவம்பர் முதல் வாரம் பண்ணைவீட்டில் பெரிய விருந்து. மாகாண அதிகாரி வந்திருந்தார். தோன் பெலிசாரியோ கையில் கோப்பையோடு வரைபடத்தின் முன்னால் நின்று, "இதிலேர்ந்து இதுவரைக்கும்" என்று காட்டினார். 'இதுவரைக்கும்' என்ற இடம் வந்தபோது கோப்பை சாய்ந்து சிவப்பு வைன் படத்தில் கொட்டியது. அன்று சாயங்காலம் மேற்கு வயலில் அரைமணி நேரம் வைன் தூறியது. அங்கே கட்டியிருந்த உழவு மாடுகள் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை; எவரிஸ்தோ மூன்று நாள். பண்ணையாரின் மனைவி தோன்யா எர்னெஸ்தினாவுக்கு மானம் போயிற்று. படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, சமையலறை வாசல் வழியாகத் தோரிபியாவிடம் நீட்டச் சொன்னாள். தோரிபியா அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனதே கிடையாது.

எங்கள் பக்கத்தில் வெள்ளைத் துணி வெளுப்பதற்கு ஒரே முறைதான். வேர்ப்பட்டையை இடித்து நுரை வரவழைத்து, பண்ணை ஆற்றின் கல்லில் அடித்து, பனியில் உலர்த்திய கிழங்கின் கஞ்சியில் முக்கி, வெயிலில் காயப்போட்டுப் பெட்டி போட வேண்டும். பாதிரியாரின் அங்கியானாலும் மேஜை விரிப்பானாலும் இதுதான் வழி. தோரிபியா பார்த்தாள்: நல்ல மேஜை விரிப்பு, ஒரு பக்கம் வைன் கறை, மற்ற இடமெல்லாம் மைக்கறை. எழுத்தும் கறையும் அவள் கண்ணுக்கு ஒன்றுதான். இத்தனை வருஷம் இதை இப்படியே சுவரில் மாட்டி வைத்திருந்தார்களே என்று பெரிய இடத்து ஆட்களைத் திட்டிக்கொண்டே அடித்துத் துவைத்தாள். மறுநாள் பால்போல் வெளுத்த துணியை நான்காக மடித்துச் சமையலறை வாசலில் கொண்டுவந்து கொடுத்தாள். பிரித்துப் பார்த்த தோன்யா எர்னெஸ்தினா சமையல்காரியின் தோளில் மயங்கிச் சாய்ந்தாள்.

மேகங்கள் பள்ளத்தாக்குக்கு மேலே வந்து நின்றன. ஒன்பது நாள் நின்றன. எங்கே பெய்வது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. கறுத்துப் பெருத்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, ஆபீஸ் திறக்கக் காத்திருக்கும் கூட்டம் மாதிரி முணுமுணுத்தன. பண்ணையின் வாற்கோதுமை மஞ்சளடித்தது. அளவையர் பாரேதா செத்து ஆறு வருஷமாகியிருந்தது. புதியவர் வர நாற்பது நாள் ஆகும் என்று பதில் வந்தது. தோன் பெலிசாரியோ தாமே வரைகிறேன் என்று பேனாவை எடுத்தார். வீட்டை வரைந்தார், லாயத்தை வரைந்தார், அதற்குப் பிறகு கை ஓடவில்லை. தம் நிலத்தில் அவர் நடந்ததே இல்லை. மை வேறு கஞ்சி போட்ட துணியில் ஒட்டாமல் உருண்டு அவர் மடியில் விழுந்தது.

கடைசியில் சலவை முற்றத்துக்கு ஆள் அனுப்பினார். "ஏய் தோரிபியா, அழிச்சவ நீதானே? நீயே போட்டுக் குடு. எது எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?"

"நடந்த எடமெல்லாம் தெரியும், எசமான். ஆனா எனக்குப் பேனா வராது. ஊசிதான் வரும்."

"எதையாவது வெச்சுப் போட்டுத் தொலை."

கள்ளிப்பூச்சியை நசுக்கி எடுத்த சாயத்தில் தோய்த்த சிவப்புக் கம்பளி நூலை எடுத்தாள். அந்தச் சாயம் எத்தனை துவைத்தாலும் போகாது. மூன்று நாள் முற்றத்தில் உட்கார்ந்து தைத்தாள். எடுத்த நூலை வேலை முடியும்வரை அறுக்கக் கூடாது, அறுத்தால் வீட்டில் ஓர் ஆள் குறையும் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. அதனால் ஒரே இழை வாற்கோதுமை வயலைச் சுற்றி, ஆற்றைத் தாண்டி, மேலே ஏறி, இறங்கி ஓடியது. தீரத் தீர முடிச்சுப் போட்டு நீட்டிக்கொண்டாள். பண்ணையார் பக்கத்தில் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்தார்.

"அந்தச் செவப்புச் செவப்பா என்னது?"

"பூ, எசமான். ஓரம் வெறிச்சுன்னு இருக்கே."

"ரொம்ப நிறைய இருக்கே?"

"அறுபத்துமூணுதான்."

"சரி சரி. என் வீடு எங்க?"

"இதோ, பொக வருது பாருங்க."

புகையைப் பார்த்து அவருக்குத் திருப்தி. நான்காம் நாள் காலை தோரிபியா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இடி இடித்தது. மேகங்கள் குனிந்து துணியைப் படித்துவிட்டு எங்கள் ஊர்மேல் இறங்கின. இருபத்துமூன்று வருஷ பாக்கி. கிழவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். தங்கள் கூரைமேல் மழையையே பார்த்திராத பிள்ளைகள் வானம் உடைந்துவிட்டதென்று கட்டிலுக்கடியில் ஒளிந்தார்கள். தோரிபியா சலவைத் துணியை அப்படியே போட்டுவிட்டு மலையேறி ஓடினாள். சேற்றில் மண்டியிட்டு, மண்ணைக் கிளறி, ஒவ்வொரு கிழங்கையும் பெயர் சொல்லித் தொட்டுப் பார்த்து அழுதாள். மருமகளை அழவைப்பதுதான் முதலில் முளைவிட்டது.

பூக்கள் பூக்களல்ல என்று பண்ணையாருக்கு ஒரு வாரத்தில் புரிந்தது. எவரிஸ்தோ கத்தரிக்கோலோடு வந்து சிப்ரியானோ வீட்டுப் பூவை வெட்டினான். வெட்டிய முனையிலிருந்து இழை கழன்றுகொண்டே போய், வீட்டோடு பண்ணையின் சோளக் காட்டையும் பாதி அவிழ்த்துவிட்டது. சோளத்தின் மேல் பெய்துகொண்டிருந்த மழை நடுவானில் நின்றது. இருட்டுவதற்குள் தோரிபியாவையே கூப்பிட்டு முடிச்சுப் போடச் சொல்ல வேண்டியதாயிற்று. அதோடு கத்தரிக்கோலை யாரும் எடுக்கவில்லை.

ஆனால் பண்ணைவீட்டில் இன்னொரு கோளாறு இருந்தது. தோரிபியா தான் நடந்த இடத்தை மட்டுமே தைத்திருந்தாள்: சமையலறை வாசல், சலவை முற்றம், கோழிக்கூண்டு. மூன்றும் மழையில் குளித்தன. வரவேற்பறைக்கு முன்னாலிருந்த ரோஜாத் தோட்டமும் பேரிக்காய் மரங்களும் சுள்ளியாகக் காய்ந்தன. வேலையாட்கள் குடம்குடமாக ஊற்றினார்கள். மண் நனைந்தால்தானே? படத்தில் இல்லாத மண் குடித்தும் நனையவில்லை. ரோஜாக்கள் தோன்யா எர்னெஸ்தினாவின் தாய்வீட்டுச் சீதனம். அவள் புருஷனோடு பேசுவதை நிறுத்தினாள். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தோன் பெலிசாரியோ வாழ்க்கையில் முதல்முறையாக எல்லைக்கல்லைத் தாண்டி, மூச்சிரைக்க எங்கள் மலையேறி வந்தார். கையில் ஒரு சிவப்பு நூல்கண்டு. ஊரே வேலியோரம் கூடிவிட்டது.

தோரிபியா கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தோரிபியா, அந்தத் தோட்டத்தையும் ஒரு ஓரமாப் போட்டுடேன்."

"போட்டுடலாம் எசமான். நான் அங்க போனதில்லியே. போகாத எடத்த எப்படித் தைக்கிறது?"

"எவரிஸ்தோ சொல்லுவான், கேட்டுக்க."

"கேட்டுப் போட்டா என்ன ஆகும்னு அளவையர் படத்துலயே பாத்தோமே."

பண்ணையார் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வேலியோரம் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"சரி, வா," என்றார். "வந்து பாரு."

வியாழக்கிழமை மதியம், செருப்பில் கிழங்கு மண்ணோடு, தோரிபியா முன்வாசல் வழியாகப் பண்ணைவீட்டுக்குள் நுழைந்தாள். கதவைப் பண்ணையாரே திறந்து பிடித்தார். அவள் அவசரப்படவில்லை. வரவேற்பறையில் ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தாள், தோட்டத்தை மூன்று சுற்றுச் சுற்றினாள். தோன்யா எர்னெஸ்தினா தன் கையாலேயே காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு தடவை பார்த்தால் மனதில் நிற்காது, நாளைக்கும் வருகிறேன் என்றாள் தோரிபியா. மறுநாள் தனக்கு நூல் பிடிக்க ஆள் வேண்டுமென்று இன்னும் ஆறு பெண்களைக் கூட்டிவந்தாள். அடுத்த வாரம் ரோஜாத் தோட்டத்தில் மிதமாகத் தூறியது. கம்பளியில் போட்ட தையல் நாலைந்து மாதத்தில் தளர்ந்துவிடும், போய்ப் பார்த்துத் திரும்பத் தைக்க வேண்டும் என்று தோரிபியா சொல்லிவிட்டாள். அதனால் இன்றுவரை எங்கள் பெண்கள் முன்வாசல் வழியாகப் போய், உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டு வருகிறார்கள். பிறகு மழை பெய்கிறது.