உதிர்ந்தது சுண்ணாம்பு அல்ல

பெரிய ஆஸ்பத்திரியின் விசாரணை அறையில், காதில் வாங்கிக்கொள்ளாத பேச்சு தரையில் விழுந்துவிடும். சாம்பல் நிறத்தில், கடுகைவிடப் பெரிதாக, மிளகைவிடச் சிறிதாக, மணி மணியாகக் கிடக்கும். சாதாரண நாளில் ஒரு முறம் சேரும். யார் தலையிலாவது பழியைக் கட்ட வேண்டிய வாரங்களில் இரண்டு. கட்டட இன்ஜினியர் வந்து அண்ணாந்து பார்த்து, கூரைச் சுண்ணாம்பு உதிர்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். இரண்டு தடவை வெள்ளையடித்தார்கள். நிற்கவில்லை. அந்த அறையைப் பதினெட்டு வருடமாகப் பெருக்குகிறவளுக்கு மட்டும் அது சுண்ணாம்பு இல்லை என்று தெரியும். ஒருநாள் பெருக்கும்போது ஒரு மணி தெறித்து வாய்க்குள் போய்க் கரைந்தது. கரைந்ததும் அவள் வாயே, "நான் அன்னைக்கு லீவுங்க ஐயா, ரெஜிஸ்டரப் பாருங்க" என்று ஆண்குரலில் சொன்னது. மருந்து திருடினான் என்று அதற்கு முந்தின நாள்தான் துரத்தப்பட்ட வார்டு பணியாளின் குரல். யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் அதுவும் விழும், அதையும் அவளேதான் பெருக்க வேண்டும்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவருக்கு 'அப்பவே' என்று பட்டப்பெயர். எது நடந்தாலும், "எனக்கு அப்பவே தெரியும்" என்பார். நடப்பதற்கு முன்னால் அவர் ஒன்றையாவது சொல்லி யாரும் கேட்டதில்லை. வலது பக்கத்து அம்மாள் அவர் தலையசைத்தால் தலையசைப்பார். இடது பக்கத்துக்காரர் இரண்டு பேரும் தலையசைத்ததை எழுதிக்கொள்வார். ஏகமனதான முடிவு என்று அதற்குப் பெயர்.

அந்த வருடம் நாலாவது வார்டில், பதினேழாம் கட்டிலில் படுத்திருந்த பஸ் டிரைவர் ஊசி மாறிப் போட்டதில் இறந்தார். போட்ட நர்ஸ், பெருக்குகிறவளின் மகள். மூன்று நாள் விசாரணை நடந்தது. தாய்க்காரி விளக்குமாற்றோடு கதவோரம் நின்றாள். "ரெண்டு பாட்டிலுக்கும் ஒரே நீல மூடிங்க. மாத்துங்கன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தேன். நாப்பது பேருக்கு நான் ஒருத்திங்க" என்று மகள் சொல்லச் சொல்ல, தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி சத்தம் கேட்டது. நாற்காலிக் காலைச் சுற்றி மணிகள் குவிந்தன. அப்பவே நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இந்தப் பொண்ணு இப்படி ஏதாவது பண்ணும்னு எனக்கு அப்பவே தெரியும். வந்து நின்ன நிப்பே சொல்லுச்சே." அம்மாள் தலையசைத்தார். மற்றவர் எழுதிக்கொண்டார். வேலை நீக்க உத்தரவு அன்றைக்கே டைப் ஆனது.

தாய்க்காரி அன்று பெருக்கியதில் ஒரு மணியைக்கூடக் கொட்டவில்லை. மறுநாள் காலை அத்தனையையும் குழுவின் தண்ணீர்க் கூஜாவில் போட்டுக் கலக்கினாள். அப்பவே இரண்டு டம்ளர் குடித்தார். வேறு ஏதோ கேஸைப் பேசிக்கொண்டிருந்தவர், நடுவிலே, இளம்பெண் குரலில், "ரெண்டு பாட்டிலுக்கும் ஒரே நீல மூடிங்க, நாப்பது பேருக்கு நான் ஒருத்திங்க" என்றார். மற்ற இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். இப்போதாவது உறைக்கும் என்று அவள் விளக்குமாற்றை இறுக்கிப் பிடித்தாள்.

"ஐயா, பிரமாதம்! இது நம்ம யாருக்குமே தோணலையே" என்றார் இடது பக்கத்துக்காரர்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார் அவர்.

ஒரே மாதத்தில் ஒரு பாட்டிலின் மூடி சிவப்பானது. சுற்றறிக்கை அவர் பெயரில் வந்தது. வாசலில் அவர் படத்தை மாட்டினார்கள். மகளின் வேலை நீக்கம் மட்டும் ரத்தாகவில்லை. அது ஏற்கெனவே டைப் ஆகிவிட்டதல்லவா!

மூன்று மாதம் தாய்க்காரி வீட்டில் கத்தித் தீர்த்தாள். மகள் வாயைத் திறந்தாலே, "உன்மேல ஒரு தப்பும் இல்லடி, நீ சும்மா இரு" என்று அதற்கு மேலே குரலை உயர்த்துவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் தன் நாற்காலியை நகர்த்திப் பெருக்கியபோது, அதன் அடியில் இரண்டு கை மணிகள் கிடந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து புடவையில் ஒட்டிக்கொண்டு வந்த சனியன் என்று திட்டினாள். புடவையை உதறினாள். ஒன்றும் விழவில்லை. ஒரு மணியை எடுத்து வாயில் போட்டாள். அவள் வாய் மகளின் குரலில் பேசியது: "அம்மா, மூடி ஒண்ணுதான். ஆனா நான் லேபிளப் படிக்கல. அவசரத்துல எடுத்துட்டேன். அந்த டிரைவர் வீட்டுக்குப் போய் நானே சொல்லணும். கூட வாயேன்."

அடுத்ததும் அதுவே. அதற்கடுத்ததும் அதுவே. சொன்ன நாள் மட்டும்தான் வேறு. மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தாய்க்காரிக்கு அப்பவேயின் முகத்தை அறைய வேண்டும் போல இருந்தது. எட்டின முகம் தன்னுடையதுதான். "செருப்பப் போடு" என்றாள்.

டிரைவரின் மனைவி கதவைத் திறந்து இரண்டு பேரையும் உள்ளே விட்டாள். மகள் மூடியைப் பற்றியும் சொன்னாள், படிக்காத லேபிளைப் பற்றியும் சொன்னாள். அந்த அம்மாள் முழுதாகக் கேட்டாள். பிறகு அரைமணி நேரம் ஏசினாள். "என்ன தைரியத்துல வாசல் ஏறி வந்தீங்க?" என்றாள். இன்னும் என்னென்னவோ சொன்னாள். தாய்க்காரிக்குக் கோபம் தலைக்கேறியது. 'மூடிய மாத்தாதவன விட்டுட்டு எம்பொண்ண ஏசுறியே' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது காலடியில் டக்கென்று சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தாள். ஒரே ஒரு மணி. எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். டிரைவர் மனைவியின் குரல் அவள் வாயிலிருந்து மெதுவாக வந்தது: "உம்பொண்ணு உன் பக்கத்துல உக்காந்திருக்கா."

டிரைவரின் மனைவி அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. கோபம் ஆறாத முகத்தோடு எழுந்து போய் ஒரு டம்ளர் கொண்டுவந்து நீட்டினாள்.

"முழுசாக் கரையாது அது. அவர் பேசி நான் காதுல வாங்காதத நானும் தின்னு பாத்திருக்கேன், அவர் போனப்புறம். இந்தா, தண்ணி குடி."