பாதியாக்கிய வேகம்

மோட்டார் எரிந்துபோன நாளிலிருந்து சாணைப் பட்டறையில் ஒருவர் முகமும் சரியில்லை. காகிதம் வெட்டும் கத்திகள், ஒவ்வொன்றும் ஆள் நீளம், மழுங்கிப்போய்ச் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. அச்சகக்காரர்கள் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள்.

ஒருவழியாக மோட்டார் வந்தது. எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கிறவன் பழையதைச் சரிசெய்து தரவில்லை. அதே உடம்பு, அதே பச்சைப் பெயிண்ட் என்று வேறொன்றைத் தலையில் கட்டிவிட்டான். வேகம் எழுதிய தகடு அதில் இல்லை. "அதே வேகந்தாண்ணே. கண்ண மூடிக்கிட்டு மாட்டுங்க" என்றான். சாணைக்காரர், பெற்ற மகள் சொன்னாலும் ஒருதரம் விசாரித்துவிட்டு நம்புகிற ஆள். அன்றைக்கு என்னவோ கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிட்டார். குவிந்து கிடந்த கத்திகள் அவர் புத்தியை மறைத்துவிட்டன.

நம்பாமல் நின்றது மாப்பிள்ளை. மகளைக் கட்டியவர், ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிற வேலை. சங்கதி காதில் விழுந்ததும் கம்ப்யூட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார்.

"மாமா, கல்லுமேல சிவப்பா எழுதியிருக்கு பாருங்க. நிமிஷத்துக்கு ஆயிரத்து அறுநூறு சுத்துக்கு மேல போகக் கூடாது. போனா கல்லு வெடிச்சிரும். முன்னால நிக்கிற ஆளு மிஞ்ச மாட்டாரு. வேகத்த அளந்துட்டு ஓட்டிக்கலாம்."

கல்லுக்கு முன்னால் நிற்கிற ஆள் சாணைக்காரர் இல்லை. அவர் மனைவியின் ஒரே தம்பி. நெட்டையன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். தாய் தகப்பன் போனபிறகு அக்கா வீட்டில் வளர்ந்தவன். மீசை நரைத்த பிறகும் அத்தான் சொல்லைத் தட்டாதவன். அத்தான் நில் என்றால் நிற்பான், ஓட்டு என்றால் ஓட்டுவான்.

மாப்பிள்ளை கொண்டுவந்த பெட்டி சோப்பு டப்பா அளவுதான். அதிலிருந்து ஒரு ஒயர் கம்ப்யூட்டருக்குப் போனது, இன்னொன்று சுண்டுவிரல் தடிமனில், வெளிச்சத்தை உணர்கிற ஒரு கண்ணுக்குப் போனது. கல்லைச் சுமக்கும் இரும்புத் தண்டின் நுனியில் மினுக்குத் தாள் ஒன்றை நறுக்கி ஒட்டினார். கண்ணை அதற்கு நேராக நிறுத்தினார்.

"தாள் கண்ணைத் தாண்டுறப்ப எல்லாம் ஒரு துடிப்பு போகும் மாமா. செகண்டுக்கு எத்தன துடிப்புன்னு பெட்டி எண்ணும். கம்ப்யூட்டர் அதையே நிமிஷத்துக்கு எத்தன சுத்துன்னு காட்டும்."

"கையப் புடிச்சு நாடி பாக்குற வைத்தியனையே நான் நம்புனதில்ல. இது தொடாமலே பாக்குதாக்கும்" என்றார் சாணைக்காரர்.

எல்லோரும் பக்கவாட்டில் ஒதுங்கிக்கொள்ள, நெட்டையன் கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினான். கல் மெதுவாகக் கிளம்பி, உறுமி, பிறகு கீச்சென்று ஒரு குரலைப் பிடித்துக்கொண்டது. திரையில் எண்கள் ஏறி, இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பதில் நின்றன. மாப்பிள்ளை பாய்ந்து போய் மோட்டாரை நிறுத்தினார்.

"அத்தான், சத்தமே கொஞ்சம் கீச்சுன்னுதான் இருந்துச்சு" என்றான் நெட்டையன்.

"புது பேரிங்குடா. புதுசுல எல்லாம் கத்தத்தான் செய்யும். உங்க அக்கா கத்தலியா?" பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "பழைய மோட்டாரு எத்தன சுத்து?"

"ஆயிரத்து நானூத்தி நாப்பது."

"உங்க பெட்டி சொல்றது?"

"அதுக்குச் சரியா ரெண்டு மடங்கு."

"சரியா ரெண்டு மடங்கு. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. எசகுபிசகா ஒரு கணக்குச் சொல்லியிருந்தா நானும் பயந்திருப்பேன். இங்க வாங்க மாப்ள, இதப் பாருங்க." தண்டின் மறுபக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். வருஷக்கணக்கில் ஸ்பானர் பட்டுப் பட்டு அந்த இடம் தேய்ந்து கண்ணாடியாகப் பளபளத்தது. "உங்க தாளும் மினுங்குது, இதுவும் மினுங்குது. ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ கண்ணடிச்சா, உங்க பெட்டி ரெண்டுன்னுதானே எண்ணும்?"

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். சொன்னதில் நியாயம் இருப்பதுபோல்தான் இருந்தது. அதோடு சொன்னது மாமனார்.

"இருக்கலாம் மாமா. அப்படின்னா வர்ற எண்ண ரெண்டால வகுத்துக்கோன்னு கம்ப்யூட்டர்ல போட்டுடலாம்."

போட்டார். மறுபடி ஓட்டினார்கள். ஆயிரத்து நானூற்று நாற்பது.

"பாத்தீங்களா? மெரட்டுனாத்தான் இதுவும் உண்மையச் சொல்லுது" என்று சாணைக்காரர் மடித்துக் கட்டிய வேட்டியை இன்னொரு மடிப்பு உயர்த்திக் கட்டினார். "டேய் நெட்டையா, கத்தியத் தூக்கு."

நெட்டையன் கல்லுக்கு எதிரே போய் நின்று முதல் கத்தியைக் கல்லில் பிடித்தான். பொறி வழக்கத்தைவிட எட்டிப் பறந்து எதிர்ச்சுவரில் பட்டு உதிர்ந்தது. கத்தியும் சீக்கிரமே கூர் பிடித்தது. "மோட்டாரு நல்லாத்தான் இருக்கு அத்தான்" என்று அவனே சொன்னான். மோட்டாரை நிறுத்திவிட்டு அடுத்த கத்தியை எடுக்கப் போனான்.

கல் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. மாப்பிள்ளை ஒயரைச் சுருட்டப் போனார். சாணைக்காரருக்கு ஜெயித்த ருசி இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை.

"இருங்க மாப்ள, என்ன அவசரம்? அந்த வகுக்கிறத எடுத்துட்டு, எண்ணிக்கைய மட்டும் காட்டச் சொல்லுங்க. நான் கையால ஒரே ஒரு சுத்து சுத்துறேன். உங்க பெட்டி கூசாம ரெண்டுன்னு புளுகும். அதக் கண்ணால பாத்துட்டுப் போங்க. வீட்ல என் மககிட்டயும் சொல்லுங்க."

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே மாற்றிவைத்தார். திரையில் பூஜ்யம் வந்தது.

சாணைக்காரர் கல்லின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளினார். தேய்ந்த பளபளப்பு பெட்டியின் கண்ணுக்கு நேரே வந்தது. கடந்து போனது. பெட்டி வாயைத் திறக்கவில்லை. மினுக்குத் தாள் வந்தது. பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கென்றது. திரையில் ஒன்று.

"சரியா வெக்கலையோ?" என்று இன்னொரு சுற்று தள்ளினார். பளபளப்பு போனது, ஒன்றுமில்லை. தாள் போனது. இரண்டு.

மூன்றாவது சுற்றுக்கு அவர் கை தானாகவே நடந்தது. மூன்று.

மாப்பிள்ளையின் சிரிப்பு முகத்தில் அப்படியே காய்ந்துபோய் நின்றது. "மாமா," என்றார். பெட்டி ஒன்றை ஒன்று என்றுதான் எண்ணியிருக்கிறது. இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது என்பது நிஜமான வேகம். அதைத்தான் இரண்டு பேரும் சேர்ந்து பாதியாக்கினார்கள். அந்த வேகத்துக்கு முன்னால்தான் நெட்டையன் நெஞ்சைக் கொடுத்துக்கொண்டு ஒரு முழுக் கத்தி தீட்டியிருக்கிறான்.

அந்தச் சமயத்தில் நெட்டையன் அடுத்த கத்தியோடு வந்து, எதிரே நின்று, கத்தியைத் தாங்கியில் வைத்துவிட்டுப் பொத்தானுக்குக் கையை நீட்டினான்.

"கையெடுங்க அத்தான், போடுறேன்."

சாணைக்காரர் கல்லிலிருந்த கையை எடுத்து, எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த பிடியில் அவன் முகம் சுளித்தது.

"என்ன அத்தான்? ஒடம்பு சரியில்லையா? இப்படி வேர்க்குது?"

மாப்பிள்ளை ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். சாணைக்காரர் விட்ட கையோடு மரச்சுத்தியை எடுத்துக் கல்லில் ஒரு தட்டு தட்டினார். நல்ல கல் என்றால் வெண்கலப் பாத்திரம் மாதிரிக் கணீரென்று சொல்லும். இது மொத்தென்றது. வேறிடத்தில் தட்டினார். அங்கேயும் மொத்.

"கழட்டுடா" என்றார்.

நெட்டையன் ஒன்றும் புரியாமல் ஸ்பானரைப் போட்டு மரையைத் திருகினான். இறுக்கியிருந்த தட்டை எடுத்துவிட்டுக் கல்லைக் கட்டிப்பிடித்து வெளியே இழுத்தான். கல் அவன் கையில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி கையில் நின்றது, மறுபாதி தொப்பென்று தரையில் விழுந்து சிமெண்டைப் பெயர்த்தது.

நெட்டையன் கையிலிருந்த பாதியைப் பார்த்தான். எதிர்ச்சுவரைப் பார்த்தான். தான் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தான். பிறகு பாதியைக் குழந்தையை இறக்குவதுபோல் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

"வகுத்தது நாந்தான் மாமா" என்றார் மாப்பிள்ளை. "தாள எடுத்துட்டு ஒருதரம் ஓட்டிப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். நீங்க சொன்னதும் எனக்கு அது தோணல."

"நான் தோண விட்டாத்தானே" என்றார் சாணைக்காரர். உட்காரலாம் என்று ஸ்டூலைத் தேடினார். அது அவர் காலடியிலேயே இருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, மோட்டாரு ஓடுதா? இன்னைக்காவது நேரத்துக்கு வருவீங்களா? தம்பி சாப்பிட வருவானா, அவனுக்கும் சேத்து உலை வெக்கவா?"

அவர் நெட்டையனைப் பார்த்தார். அவன் தலையைத் தூக்காமல் உடைந்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, கேக்குதா? வருவானா மாட்டானா?"

அவர் குனிந்து நெட்டையன் தோளில் கையை வைத்தார்.

"வருவான்."