மேட்டில் ஏறிய நிழல்

மலாயாவில் அலோர் காஜாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குக் கிழக்கே நின்ற மெர்பாவ் மரத்தில் இடி விழுந்தது. 1934-ஆம் ஆண்டு மழைக்காலம் அது. லயத்துப் பக்கமாக அடிமரம் உளுத்துப்போயிருந்ததால், கயிறு கட்டி இழுத்தாலும் மரம் அந்தப் பக்கமே சாயலாம் என்று வெட்டுகிறவர்கள் சொன்னார்கள். மறுநாள் காலை, மற்றவர்கள் வேலைக்குப் போன பிறகு வெட்டுவதாக ஏற்பாடு.

லயத்தில் மரத்தின் பக்கம் இருந்த கடைசி வீட்டில் பெரியநாயகி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். மரம் அதுவரை எட்டுமா என்று பார்க்கும்படி ஆபீஸில் கணக்கெழுதும் இளைய கிராணி தங்கையாவிடம் துரை சொன்னார். மலாக்கா டவுன் பள்ளிக்கூடத்தில் தங்கையாவுக்குப் பிடித்த பாடம் வடிவக் கணிதமான ஜியோமிதிதான். அன்று காலை வெயிலில், ஆபீஸ் வாசலில் ஒரு குச்சியை நட்டு நிழலை அளந்தான். பிறகு மரத்தின் நிழலை அளந்தான். குச்சிக்கும் அதன் நிழலுக்கும் உள்ள விகிதமே மரத்துக்கும் அதன் நிழலுக்கும். கணக்குப் போட்டதில், மரம் விழுந்தாலும் அதன் உச்சி வீட்டை எட்டாது என்று வந்தது. அதைக் கங்காணி ரங்கசாமியிடம் சொல்ல, அவர் லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். பெரியநாயகியும் நிம்மதியாகப் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

மத்தியானம் அதே வழியாக நடந்தபோது தங்கையாவுக்கு மூச்சு வாங்கியது. அப்போதுதான் உறைத்தது, மரத்திலிருந்து லயம்வரை தரை மேடேறுகிறது என்று. குச்சியின் நிழல் சமதரையில் விழுந்தது. மரத்தின் நிழலோ மேட்டில் ஏறிக் குறுகிவிட்டது. குச்சியும் மரமும் தத்தம் நிழலோடு அமைத்த இரண்டு முக்கோணங்களும் ஒரே வடிவம் அல்ல. மரம் அவன் சொன்னதைவிட உயரம்.

சாயங்காலம் நிழல் எதிர்ப்பக்கம், சமமான களத்தில் விழும். அதுவரை காத்திருந்து, மரத்தடியிலேயே குச்சியை நட்டு மறுபடி அளந்தான். இந்தக் கணக்குப்படி, மரம் விழுந்தால் அதன் உச்சி கடைசி வீட்டைத் தாண்டும்.

கங்காணிக்குக் கோபம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று சொன்னால் கிராணி பேச்சை இனி யார் மதிப்பார்கள், துரைக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். தங்கையா அவரோடு வாதாடவில்லை. நேரே பெரியநாயகி வீட்டுக்குப் போய் வெளியே நின்றான்.

“காலையில நான் சொன்னது தப்பும்மா. மரம் இங்க வரும். பிள்ளையத் தூக்கிக்கிட்டு மேல் லயத்துக்குப் போயிடுங்க.”

அவள் புருஷனைக் கூப்பிட்டுப் பாயைச் சுருட்டச் சொன்னாள்.

மறுநாள் கயிறுகள் அறுந்தன. மரம் லயத்துப் பக்கமே சாய்ந்து, கடைசி வீட்டின் கூரையை நடுவில் பிளந்தது. தகரமும் கிளையும் கலந்து கிடந்த இடத்தில் ஒருவரும் இல்லை. கங்காணி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். கணக்கு சரியாக வந்ததில் தங்கையாவுக்குச் சந்தோஷம் வரவில்லை.

பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு பெரியநாயகி அவன் பக்கம் வந்தாள்.

“நேத்து சாயங்காலம் மழை மூட்டமா இருந்து, நிழலே விழாமப் போயிருந்தா என்ன சொல்லியிருப்பீங்கய்யா?”

தங்கையா யோசித்தான். “தெரியலன்னு சொல்லியிருப்பேன்மா.”

“அதச் சொல்லியிருந்தாலும் நான் எந்திரிச்சுப் போயிருப்பேன்,” என்றாள் அவள்.